நாய்த்துளசி எண்ணெய்: ஒரே செடிக்கு இரண்டு ரிப்போர்ட், எதை நம்புவது?

பல்லாவரம்_மாணவி
திங்கள், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு நாய்த்துளசியை எடுத்திருக்கிறேன். எங்கள் பாட்டி அதைக் கஞ்சாங்கோரை என்பார், சளி பிடித்தால் அந்த இலையைப் போட்டுத்தான் ஆவி பிடிக்கச் சொல்வார், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் எடுத்தேன்.

டிசம்பரில் பல்லாவரம் ரயில்வே லைனை ஒட்டிய காலி மனையில் பறித்தேன். 200 கிராம் இலை, கிளெவெஞ்சரில் (இலையைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவி) மூன்று மணி நேரம். அரை மில்லிகூட வரவில்லை, இளமஞ்சள் நிறம், எலுமிச்சை வாசனை. வெளியே ஒரு லேபில் ஜிசி-எம்எஸ் (எண்ணெயில் உள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு பீக்காகக் காட்டும் சோதனை) கொடுத்தேன். ஜெரானியல், நெரால் இரண்டும்தான் பெரிய பீக், அதாவது சிட்ரால்.

பிப்ரவரியில் இன்னொரு தடவை எடுக்கலாம் என்று வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டோரம் பறித்தேன். அதே செடி, அதே 200 கிராம், அதே மூன்று மணி நேரம். எண்ணெய் இன்னும் குறைவு. ரிப்போர்ட்டில் சிட்ரால் இருந்த சுவடே இல்லை, கற்பூரம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிது!

கைடு இரண்டில் ஒன்று தப்பு, நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எது தப்பு என்று தெரியாமல் எப்படித் தூக்கிப் போடுவது? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி
திங்கள், இரவு 11:15

இரண்டும் சரியாகவே இருக்கலாம், கவலைப்படாதீர்கள். டிசம்பர் மழை முடிந்த நேரம், பிப்ரவரி வெயில் ஏறும் நேரம். நான் படித்தது விவசாயம், இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறேன். லெமன்கிராஸில் இளம் இலைக்கும் முற்றின இலைக்கும் எண்ணெயின் அளவு மாறும், சிட்ரால் விகிதமும் மாறும். பூ விடுவதற்கு முன்பு ஒன்று, பூத்த பிறகு ஒன்று. காலையில் அறுத்தால் ஒன்று, உச்சி வெயிலில் அறுத்தால் ஒன்று. சீசன்தான் காரணம் என்று எழுதிவிடுங்கள்.

அம்பத்தூர்_ஜிசி
செவ்வாய், காலை 6:20

தங்கச்சி, சீசன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படிக்க வேண்டும். நான் 16 வருடமாக ஜிசி ஓட்டுகிறேன், வாசனை எண்ணெய்தான் எங்களுக்குப் பாதி வேலை. உன் ரிப்போர்ட்டில் மொத்தம் எத்தனை பெயர் இருக்கிறது? சைக்ளோ என்று தொடங்கி சிலோக்சேன் என்று முடிகிற பெயர் ஏதாவது உண்டா? தாலேட்? ரிடென்ஷன் இண்டெக்ஸ் போட்டிருக்கிறார்களா, அல்லது நிமிடம் மட்டும்தானா?

பல்லாவரம்_மாணவி
செவ்வாய், காலை 8:05

அண்ணா, முதல் ரிப்போர்ட்டில் 38 பெயர், இரண்டாவதில் 41. இரண்டிலுமே டெக்காமீத்தைல்சைக்ளோபென்டாசிலோக்சேன் இருக்கிறது. இரண்டாவதில் டைஆக்டைல் தாலேட்டும் உண்டு. ரிடென்ஷன் நேரம், அதாவது பீக் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பது மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், பக்கத்தில் மேட்ச் சதவீதம். இவற்றை எல்லாம் "நாய்த்துளசியில் உள்ள உயிர்ப்பொருள்கள்" என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.

அம்பத்தூர்_ஜிசி
செவ்வாய், மதியம் 1:30

நினைத்தேன். முதலில் அந்த இரண்டையும் அடித்துவிடு. சிலோக்சேன் உன் செடியில் ஊறியது கிடையாது, மெஷினுக்குள் பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய கேபிலரி குழாயின் உள்பூச்சு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருவது, ஊசிபோடும் இடத்து ரப்பர் மூடியிலிருந்தும் வரும். 207, 281 என்று நிறை எண்கள் வந்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். தாலேட் பிளாஸ்டிக்கிலிருந்து வருவது, டியூபோ பாட்டில் மூடியோ கரைந்திருக்கும். இதை எல்லாம் மூலிகையின் மருத்துவப் பொருள் என்று அச்சடித்த கட்டுரைகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல்தான். நீ அந்த வரிசையில் போய்ச் சேராதே.

அடுத்தது மேட்ச் சதவீதம். மெஷின் ஒவ்வொரு பீக்கையும் உடைத்து, அந்தத் துண்டுகளின் நிறையை லைப்ரரியோடு ஒப்பிட்டு ஒரு பெயர் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், 10 கார்பன் டெர்பீன்கள், அதாவது செடிகளின் வாசனைப் பொருள்கள், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பைனீன், சபினீன், லிமோனீன் எதை எடுத்தாலும் மொத்த நிறை 136, உடைந்தால் 93 பெரிதாக நிற்கும் அல்லது அதற்கு அடுத்தபடி நிற்கும். சபினீனும் பீட்டா-பைனீனும் சாதாரண 5 சதவீத ஃபீனைல் கேபிலரியில் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே வரும், முகமும் ஒன்றுபோலவே இருக்கும். 15 கார்பன் செஸ்குவிடெர்பீன்கள் இன்னும் மோசம், 204 நிறையில் ஒரு பெரிய கூட்டமே உண்டு. "96 சதவீதம் மேட்ச்" என்று மெஷின் சொன்னால் அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் என்றுதான் அர்த்தம், இன்னார் என்று அர்த்தமில்லை.

அதற்குத்தான் ரிடென்ஷன் இண்டெக்ஸ். நீ பல்லாவரம், லோக்கல் ட்ரெயின் வைத்தே சொல்கிறேன். பீச்சிலிருந்து தாம்பரம் வண்டி ஒரு நாள் சீக்கிரம் வரும், ஒரு நாள் தாமதமாக வரும், ஆனால் கோடம்பாக்கத்துக்கு அடுத்தது மாம்பலம், அதற்கடுத்து சைதாப்பேட்டை, அது மாறாது. நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள்தான் நமக்கு ஸ்டேஷன். 10 கார்பன் டெக்கேன் 1000, 11 கார்பன் 1100, 12 கார்பன் 1200. ஆல்கேன் கலவையை அதே புரோகிராமில் ஓட்டிவிட்டு, உன் பீக் எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது என்று கணக்குப் போட வேண்டும். 1958-இல் கோவாட்ஸ் கொண்டுவந்த முறை. சூட்டை ஏற்றிக்கொண்டே ஓட்டுவதற்கு 1963-இல் வான் டென் டூலும் கிராட்சும் கொடுத்த சூத்திரம், அதைத்தான் இன்றைக்கும் போடுகிறோம். இதெல்லாம் பழைய சமாசாரம், ஆனால் இது இல்லாமல் வருகிற அட்டவணையை நான் பாதி வேலையாகத்தான் பார்ப்பேன்.

உனக்கு வேண்டிய எண்கள்: அந்த வகைக் கேபிலரியில் கற்பூரம் 1145 பக்கம், நெரால் 1240 பக்கம், ஜெரானியல் 1270 பக்கம். ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, இருபது முப்பது தள்ளிப் போனால் அது வேறு ஆள். இன்னொன்று, சிட்ரால் என்பது தனிப்பொருள் கிடையாது, ஜெரானியலும் நெராலும் சேர்ந்ததுதான் சிட்ரால். இயற்கையில் இரண்டும் ஜோடியாகத்தான் வரும், ஜெரானியல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஒன்று மட்டும் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். உனக்கு இரண்டும் வந்திருக்கிறது, அதனால் முதல் ரிப்போர்ட்டின் தலைப்பகுதி சரி என்றே படுகிறது.

தைலக்காரர்
செவ்வாய், இரவு 9:10

அம்மா, நான் குன்னூர்ப் பக்கம் தைலம் காய்ச்சுகிற இடத்தில் முப்பது வருடம் இருந்தவன், இப்போது மகன் வீட்டில் கொரட்டூரில் இருக்கிறேன். படிப்பு அதிகமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டாவது தடவை காய்ச்சினபோது கண்டன்சர் குழாய்க்கு உள்ளே வெள்ளையாக, உப்புப் படிந்த மாதிரி ஏதாவது பார்த்தாயா?

பல்லாவரம்_மாணவி
செவ்வாய், இரவு 9:48

ஐயா, எப்படித் தெரியும் உங்களுக்கு!! ஆமாம். குழாயின் உட்சுவரில், தண்ணீர் குளிர்ச்சியாக ஓடும் மேல் பாதியில், உறைபனி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. முந்தின செட் மாணவர்கள் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொண்டு, எண்ணெயை எடுத்த பிறகு அசிட்டோன் ஊற்றிக் கழுவி சிங்கில் கொட்டிவிட்டேன்.

தைலக்காரர்
புதன், காலை 5:35

கொட்டியது கற்பூரம்மா. அதனால்தான் எண்ணெய் குறைவாகத் தெரிந்தது.

கற்பூரம் சாதாரணச் சூட்டில் கட்டி. 175 டிகிரிக்கு மேலே போனால்தான் உருகும். ஆனால் தண்ணீர் ஆவியோடு சேர்ந்து சுலபமாகப் பறந்துவிடும், குளிர்ந்த கண்ணாடி பட்டதும் அங்கேயே படிந்துவிடும். கற்பூரம் நிறைந்த இலையைக் காய்ச்சுகிறவன் நடுவில் இரண்டு மூன்று தடவை கண்டன்சர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்துவான், குழாய் சூடானதும் படிந்தது வழிந்து எண்ணெயோடு இறங்கிவிடும். உங்கள் கண்ணாடிச் சாமானிலும் இதே வித்தைதான், பக்கத்திலேயே நின்று பார்த்துச் செய்ய வேண்டும்.

நாங்கள் காய்ச்சியது யூகலிப்டஸ், நீலகிரித் தைலம் என்று எல்லோரும் சொல்வது. மரத்தடியில் விழுந்த சருகைப் பெண்கள் கூடையில் கூட்டிக்கொண்டு வருவார்கள், செப்புப் பானையில் அடைத்து மிதித்து, தண்ணீர் ஊற்றி, காய்ச்சி முடித்த பழைய சக்கையையே அடுப்புக்குப் போட்டு எரிப்போம். அதில் முக்கியச் சரக்கு சினியோல். அது நல்ல தைலத்தில் 70 சதவீதத்துக்கு மேலே இருக்கும். மெஷின் எல்லாம் அப்போது இல்லை. தைலத்தோடு ஆர்த்தோ கிரெசால் கலந்து, எந்தச் சூட்டில் உறைகிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்துத்தான் சினியோல் கணக்குச் சொல்வார்கள். அதே மலையில் எலுமிச்சை வாசனை அடிக்கிற யூகலிப்டஸ் மரமும் உண்டு, பார்க்கிறவர்களுக்கு இரண்டும் தைல மரம்தான், ஆனால் அதில் சினியோல் பெரிதாகக் கிடையாது, சிட்ரோனெல்லால்தான். தெரியாமல் அந்தச் சருகு ஒரு கூடை கலந்துவிட்டால் அன்றைக்குப் பானை முழுவதும் வாசனை மாறிப்போகும். மேஸ்திரி கூடையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்க்காமல் பானையில் கொட்டவே விடமாட்டார்.

நீ பறித்த இலையைக் கசக்கி முகர்ந்தாயா?

பல்லாவரம்_மாணவி
புதன், காலை 7:50

முதல் தடவை முகர்ந்தேன் ஐயா, எலுமிச்சை. இரண்டாவது தடவை தோழிகள் மூன்று பேர் சேர்ந்து பறித்துப் பையில் போட்டார்கள், நான் எடை போடும்போதுதான் பார்த்தேன். பையைத் திறந்ததும் காரமாக ஒரு நெடி அடித்தது, வாடியதால் அப்படி என்று விட்டுவிட்டேன்.

கிண்டி_தாவரவியல்
புதன், மாலை 4:25

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதுவரை யாரும் கேட்காத கேள்வி: அது நாய்த்துளசிதான் என்று யார் சொன்னார்கள்? பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியம் தாளில் ஒட்டி வைத்திருக்கிறீர்களா?

சென்னையைச் சுற்றித் தரிசில் வளரும் துளசி வாசனைச் செடி ஒன்றல்ல. ஓசிமம் அமெரிக்கானம்தான் நாய்த்துளசி, பழைய பெயர் ஓசிமம் கானம். திருநீற்றுப்பச்சிலை, அதாவது சப்ஜா விதை தரும் ஓசிமம் பாசிலிகம், தோட்டத்திலிருந்து தப்பி வந்து வெளியே வளரும். இந்த இரண்டும் கலந்து பிறந்த ஒரு கலப்பினமும் உண்டு, ஓசிமம் ஆஃப்ரிக்கானம், அதற்கு எலுமிச்சை வாசனை, காரணம் சிட்ரால். உலகம் முழுக்கப் பல கட்டுரைகளில் அந்தக் கலப்பினத்தையே அமெரிக்கானம் என்று எழுதிவைத்த குழப்பம் இருக்கிறது. இது போதாதென்று மெசோஸ்ஃபீரம் என்ற முரட்டு வாசனைக் களை ஒன்றையும் சிலர் காட்டுத்துளசி என்கிறார்கள், அது வேறு பேரினம். ஊர்ப்பெயரை வைத்து வேதியியல் செய்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

சரி, நாய்த்துளசிதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு ரிப்போர்ட் வருவதில் வியப்பில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே எண்ணெய் மட்டும் வேறாக இருக்கும் வகைகளை வேதிவகை என்கிறோம். ஓசிமம் அமெரிக்கானத்தில் கற்பூர வகை, சிட்ரால் வகை, லினலூல் வகை, மீத்தைல் சின்னமேட் வகை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. இலையின் வடிவம் ஒன்று, பூ ஒன்று, மூக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

சீசன் என்று சொன்ன நண்பருக்கு ஒரு விளக்கம். இரண்டு பொருளுக்கும் மூலம் ஒன்றுதான், ஜெரானைல் டைஃபாஸ்பேட் என்ற 10 கார்பன் சங்கிலி, இலையின் மேல் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளேயே தயாராவது. ஒரு நொதி அதை ஜெரானியால் ஆக்குகிறது, இன்னொன்று அதை ஆக்சிஜனேற்றம் செய்து சிட்ரால் ஆக்குகிறது, சங்கிலி சங்கிலியாகவே இருக்கிறது. வேறொரு நொதி அதே சங்கிலியை மடித்து இரட்டை வளையமாகக் கட்டுகிறது, அது போர்னியால் ஆகிக் கற்பூரத்தில் முடிகிறது. எந்த நொதி வேலை செய்யும் என்பது செடியின் மரபணுவில் இருக்கிறது. வெயிலும் மழையும் ஒரு பாதையின் அளவைக் கூட்டும் குறைக்கும், ஆனால் ஒரு செடி டிசம்பரில் முழுக்கச் சிட்ராலும் பிப்ரவரியில் முழுக்கக் கற்பூரமும் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை.

பறித்த பாகமும் முக்கியம். இலவங்கப்பட்டை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு, இலை எண்ணெயில் யூஜினால், வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரம். ஒரே மரம், மூன்று எண்ணெய். உங்கள் இரண்டு தடவையும் இலை மட்டும்தானா, பூங்கொத்தும் சேர்ந்ததா?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி
புதன், இரவு 8:30

ஒத்துக்கொள்கிறேன் சார். நான் சொன்ன லெமன்கிராஸிலும் சிட்ரால் ஏறும் இறங்கும், வேறு பொருளாக மாறியது கிடையாது. நீங்கள் சொன்னதும் பாமரோசா ஞாபகம் வருகிறது. அந்தப் புல்லில் மோத்தியா, சோஃபியா என்று இரண்டு வகை, தாவரவியல் பெயர் ஒன்றேதான். மோத்தியாவில் ஜெரானியால் 75 சதவீதத்துக்கு மேல், ரோஜா வாசனை, நல்ல விலை. சோஃபியா எண்ணெயின் கலவையே வேறு, இஞ்சிப்புல் எண்ணெய் என்று தனியாக மலிவாகப் போகும். வயலில் இரண்டும் கலந்து நின்றால் வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு விலையை இறக்கிவிடுவான்.

சோப்பு_மயிலாப்பூர்
வியாழன், காலை 11:00

நடுவில் வருகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன். "சுத்தமான காட்டுத் துளசி எண்ணெய்" என்று பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கிராம்பு வாசனைதான் தூக்கலாக அடிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அம்பத்தூர்_ஜிசி
வியாழன், மதியம் 2:15

அக்கா, கிராம்பு வாசனை அடிப்பதால் மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. கிராம்பிலும் யூஜினால், கோயில் துளசியிலும் பல வகைகளில் யூஜினால்தான் பிரதானம். மூக்குக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். ஆனால் கிராம்பு மொட்டு எண்ணெயில் யூஜினைல் அசிடேட் நன்றாகத் தெரிகிற அளவில் இருக்கும். துளசி எண்ணெய் என்று வந்ததில் அந்தப் பீக் பெரிதாக நின்றால் நான் கடைக்காரரிடம் கேள்வி கேட்பேன். கிராம்பு இலை எண்ணெயைக் கலந்திருந்தால் அந்த அடையாளமும் மங்கிவிடும், அப்போது துளசிக்கே உரிய மற்றவை, பீட்டா-எலிமீன், மீத்தைல் யூஜினால் மாதிரி, இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம், மாணவியும் கவனிக்கவும். பீட்டா-எலிமீன் என்று ரிப்போர்ட்டில் வருவது முழுக்கச் செடியில் இருந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மாக்ரீன்-ஏ என்ற பொருள் 250 டிகிரியில் இருக்கும் இன்ஜெக்டரில், அதாவது மெஷினில் ஊசிபோடும் இடத்தில் போனால் அங்கேயே வடிவம் மாறி பீட்டா-எலிமீனாகத்தான் வெளியே வரும். காய்ச்சும்போதும் இப்படி நடக்கும். சபினீன் அமிலத் தண்ணீரில் நேரம் கடந்து கொதித்தால் டெர்பினென்-4-ஆல் ஆகும். சீமைச் சாமந்தி எண்ணெயின் நீலநிறம் பூவில் கிடையவே கிடையாது, மாட்ரிசின் என்ற நிறமில்லாத பொருள் ஆவியில் உடைந்து கமாசுலீன் ஆவதால் வரும் நீலம் அது. நாம் குப்பியில் பார்ப்பது செடியும் அடுப்பும் மெஷினும் சேர்ந்து கொடுத்த கலவை.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி
வியாழன், மதியம் 3:40

அக்கா, மீத்தைல் யூஜினால் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் மாந்தோப்பில் பழ ஈயைப் பிடிக்க வைக்கும் பொறியில் இருப்பது அதுதான். ஒரு சின்ன மரத்துண்டில் ஊறவைத்து டப்பாவுக்குள் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் எங்கிருந்தோ வந்து குவியும். ஹௌலெட் என்பவர் இந்தியாவில் இருந்தபோதுதான் 1915-இல் இந்த ஈர்ப்பைக் கண்டு எழுதினார். அதே பொருளை 2023-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்று சேர்த்தது. துளசி இலையை வாயில் போட்டு மெல்லுவதும், காய்ச்சிச் சுண்டிய எண்ணெயைத் தோலில் தேய்ப்பதும் ஒன்றல்ல. சோப்புக்கு வாங்கும்போது எண்ணெயின் ஜிசி ரிப்போர்ட்டைக் கேட்டு, அதில் இந்தப் பெயர் எவ்வளவு என்று பாருங்கள்.

கிண்டி_தாவரவியல்
வியாழன், மாலை 6:10

இதே கதை வசம்புக்கும் உண்டு. பெயரைச் சொல்லாமல் பேர்சொல்லா மருந்து என்றும், பிள்ளை வளர்ப்பான் என்றும் நம் வீடுகளில் சொல்லும் அந்தக் கிழங்கு. குரோமோசோம் தொகுதி நான்கு உள்ள வகையின் எண்ணெயில் பெரும்பகுதி பீட்டா-அசரோன். இரண்டு தொகுதி மட்டும் உள்ள வட அமெரிக்க வகையில் அது இல்லவே இல்லை. இரண்டையும் வசம்பு என்றுதான் சொல்கிறார்கள். எலிகளில் புற்றுநோய் வந்ததைப் பார்த்து அமெரிக்காவில் 1968-இல் உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தார்கள். வகை தெரியாமல் வசம்பு நல்லது என்றோ கெட்டது என்றோ எனக்குச் சொல்ல வராது.

மாணவிக்கு: சீக்கிரம் போய்ப் பாருங்கள், வெயில் ஏறினால் செடி காய்ந்துவிடும். ரோட்டோரத்தில் மட்டும் பறியுங்கள். கிண்டிப் பூங்காவிலோ நன்மங்கலம் காப்புக்காட்டிலோ அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது.

பல்லாவரம்_மாணவி
பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9:20

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும், வேலை முடியட்டும் என்று இருந்தேன்.

போன ஞாயிறு காலை ஆறரைக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு வண்டலூர் ரோட்டுக்குப் போனேன். ஒரு கல்வெர்ட்டை ஒட்டி இருபது இருபத்தைந்து செடி. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து, கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு செடிக்குப் பிறகு என் மூக்கு மரத்துவிட்டது, அம்மா தொடர்ந்தார். கற்பூரம் அடித்ததற்கு வெள்ளை நூல், எலுமிச்சைக்கு மஞ்சள் நூல் கட்டினோம். அங்கே இருந்தவை எல்லாமே வெள்ளை. பல்லாவரம் மனைக்கு வந்தால் பெரும்பாலும் மஞ்சள், ஆனால் சுவரோரம் இரண்டு செடி மட்டும் வெள்ளை! நான்கடி தூரத்தில், அதே மண், அதே வெயில், அதே நாள். தாவரவியல் சார் சொன்னது அங்கேயே கண்முன்னால் நின்றது.

இந்தத் தடவை இலையை மட்டும் உருவி, வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகக் காய்ச்சினேன். சார் கேட்டதற்குப் பதில், பிப்ரவரியில் பூங்கொத்தும் கலந்துதான் போயிருக்கிறது, அதை அப்படியே எழுதப் போகிறேன். தைலக்காரர் ஐயா சொன்ன மாதிரி வெள்ளை நூல் இலையைக் காய்ச்சும்போது மூன்று தடவை தண்ணீரை நிறுத்தினேன். வெள்ளைப் படிவு விளிம்பில் முதலில் ஈரமாகி, அப்புறம் கண்ணாடியில் கோடு கோடாக வழிந்து கீழே எண்ணெயில் சேர்ந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணெய் போன தடவையைவிட நன்றாகவே கூடுதல்.

ஆல்கேன் கலவையை வேறொரு துறையில் கேட்டு வாங்கி, அதே புரோகிராமில் ஓட்டச் சொன்னேன். கணக்குப் போட்டதில் வெள்ளையின் பெரிய பீக் 1146, மஞ்சளின் இரண்டும் 1239, 1269. அண்ணா சொன்ன ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டன. சிலோக்சேன், தாலேட் எல்லாம் அடித்துவிட்டேன். 41 பெயரில் இண்டெக்ஸும் நிறையும் இரண்டும் ஒத்துப்போனது 17 மட்டும்தான், அந்த 17-ஐ மட்டும் எழுதுகிறேன்.

கைடிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் நூல் கட்டிய போட்டோவையும் சேர்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, இரண்டையும் வை, தலைப்பை மாற்று என்றார்.

அம்பத்தூர்_ஜிசி
ஞாயிறு, இரவு 10:05

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. 17 பெயர் போதும். அட்டவணையில் சதவீதம் போடும்போது அது பீக்கின் பரப்பு சதவீதம் என்று தெளிவாக எழுது, எடை சதவீதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாப் பொருளுக்கும் டிடெக்டர் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. முடிந்தால் எஃப்ஐடியில் (தீச்சுடரில் எரித்து அளக்கும் டிடெக்டர்) ஒரு தடவை ஓட்டிப் பார், அளவுக்கு அதுதான் நம்பகம்.

கிண்டி_தாவரவியல்
திங்கள், காலை 9:30

சனிக்கிழமை நீங்கள் கொண்டுவந்து கொடுத்த தாள்களைப் பார்த்தேன், அழகாக அழுத்தியிருக்கிறீர்கள். வெள்ளை நூல் செடிகள் ஓசிமம் அமெரிக்கானம்தான், எனக்குச் சந்தேகமில்லை. மஞ்சள் நூல் செடிகளின் பூ கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, அந்தக் கலப்பினமாக இருக்கலாம். நான் ஒருவன் சொன்னால் போதாது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது கோயம்புத்தூரில், தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில். அங்கே அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம். அதுவரை மஞ்சளுக்கு இனப்பெயர் போடாமல் "ஓசிமம், சிட்ரால் செடி, பல்லாவரம்" என்று மட்டும் எழுதுங்கள்.

பல்லாவரம்_மாணவி
திங்கள், இரவு 8:15

சரி சார், அப்படியே எழுதுகிறேன். சோடியம் சல்ஃபேட் போட்டு ஈரம் எடுத்து, இரண்டு எண்ணெயையும் சின்னக் குப்பிகளில் ஊற்றி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் மஞ்சள் அப்படியே திரவமாக இருக்கிறது, வெள்ளைக் குப்பியின் அடியில் ஊசி ஊசியாகப் படிகம். பாட்டியிடம் திறந்து காட்டினேன், ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "இதுதாண்டி கஞ்சாங்கோரை, அந்த எலுமிச்சை வாசனைச் செடியை நாங்க ஆவிக்குப் போட்டதே இல்லை" என்றார்.

தைலக்காரர்
திங்கள், இரவு 8:50

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லம்மா. குப்பியை அடிக்கடி திறந்து காட்டாதே, மூடியை இறுக்கி வை. கற்பூரம் படிகமாக இருந்தாலும் காற்றோடு போய்விடும்.